தூக்கு மனுவும் ஹஜ் பயணமும்

என் மனைவியின் தாயார், அதாவது என் மாமி, இடது கையில் ஒரு பொற்காப்புப் போட்டிருந்தார். கல்யாணத்தன்று போட்டது. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு கை பருத்ததால் அது கழலாமல் நின்றுவிட்டது. கழற்ற வேண்டும் என்று அவரும் நினைக்கவில்லை. தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்யும்போது அதை மணிக்கட்டிலிருந்து மேலே தள்ளுவார்; கொஞ்சம் ஏறி நின்றுவிடும். காப்புக்குக் கீழே தோல் வெளுத்து, குழந்தையின் தோல் போல மெத்தென்று இருக்கும்.

மாமி இறந்த அன்று குளிப்பாட்டும்போது என் மனைவி முதலில் பார்த்தது அந்தக் கையைத்தான். காப்பு இல்லை. வெளுத்த இடத்துத் தோல் உரிந்திருந்தது.

அன்று காலை மாமிக்குப் புத்தளத்தில் பிரஷர் கிளினிக் இருந்தது. கூட்டிப் போக வந்த ஓட்டோக்காரன்தான் மௌத்துச் செய்தியை ஒழுங்கையில் வீடு வீடாகச் சொன்னவன். “கூப்பிடக் கூப்பிட எழும்பல்ல, உள்ள போய்ப் பார்த்தா முடிஞ்சிட்டு” என்று தலையில் கைவைத்தபடி வாசலில் உட்கார்ந்திருந்தான். பள்ளிக்கூடத்திலிருந்து ஆசிரியையான என் மனைவியையும், அதே பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்த என்னையும் அவனே ஓட்டோவில் ஏற்றி வந்தான். பிறகு மையத்துக்கு உடுத்தும் கபன் துணி எடுக்கக் கற்பிட்டிக்குப் போனான். கூலி வேண்டாம் என்றான்.

எங்கள் ஊர்களில் இறந்தவரின் மையத்தை வைத்திருக்கும் வழக்கம் இல்லை. காலையில் மௌத்தானால் மதிய லுஹர் தொழுகையோடு அடக்கிவிடுவோம். குழி வெட்டத் தொடங்கிவிட்டார்கள். முற்றத்தில் படுக்கை விரிப்புகளால் மறைப்புக் கட்டி உள்ளே பெண்கள் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். மறைப்பை விலக்கிக்கொண்டு என் மனைவி வெளியே வந்தாள். கையில் தண்ணீர் சொட்டியது.

“கபன் இட வேணாம். பொலிஸுக்குச் சொல்லுங்க” என்றாள்.

நான் அருகில் போய், “என்ன புள்ள?” என்று கேட்டேன்.

“உம்மாட காப்ப யாரோ இழுத்துக் கழட்டியிருக்காங்க. உசுரோட இருந்தா உம்மா கத்தியிருப்பா. நான் வாறதுக்கு முந்தி மையத்தத் தொட்ட ஆக்கள் மூணு பேர். மூணு பேரும் எடுக்கல்லங்கிறாங்க.”

அதற்குப் பிறகு நடந்ததை நான் நாட்குறிப்பில் சுருக்கமாகவே எழுதியிருக்கிறேன். விரித்து எழுத அன்று மனம் வரவில்லை. பள்ளிவாசல் தலைவர் வந்தார். வெங்காயத் தோட்டங்களுக்குச் சொந்தக்காரர், ஹஜ்ஜுச் செய்தவர், நல்ல மனிதர். “காப்புக்காக உம்மாட மையத்த வெட்டக் குடுக்கப் போறியா மகள்? நகை எங்கயாச்சும் ஊட்டுக்குள்ளதான் கிடக்கும்” என்றார். பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். ஒரு கிழவி, “படிச்ச புள்ளைகளுக்கு உம்மாவும் ஒண்டுதான், காப்பும் ஒண்டுதான்” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.  என் மனைவி மறைப்பின் முன்னால் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். பொலிஸ் வரும்வரை எழவில்லை.

சட்ட வைத்திய அதிகாரி மாமியின் மூச்சுக்குழாயில் தலையணைப் பஞ்சைக் கண்டார். காப்பு சிலாபத்தில், மீன் சந்தைக்குப் பின்னாலிருக்கும் நகைக் கடையொன்றில் கிடைத்தது. விற்றவன் ஓட்டோக்காரன். அதே கடையில் வேறு மூன்று சங்கிலிகளும் இருந்தன. அவற்றை அடையாளம் காட்ட எங்கள் ஊரிலிருந்தே மூன்று குடும்பங்கள் போயின.

அந்த மூன்று குடும்பங்களிலும் ஒவ்வொரு மூதாட்டி தனியாகத் தூங்கியவாறே மௌத்தாகியிருந்தார். மூன்று பேரும் அவன் கிளினிக் கூட்டிப்போனவர்கள். மூன்று மௌத்தையும் முதலில் கண்டு சொன்னவன் அவன். மையத்தைக் கொண்டுபோகும் சந்தூக்கை மூன்று தரமும் அவன் தோளில் சுமந்தான். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த விடை இதுதான். மையத்தின் உடம்பிலிருந்து நகையைக் கழற்றுவது பெண்களின் வேலை. சங்கிலியைக் காணவில்லை என்றால் மருமகள் எடுத்திருப்பாள் என்று மகள் நினைப்பாள்; மகள் எடுத்திருப்பாள் என்று மருமகள் நினைப்பாள். மௌத்து வீட்டில் நகையைப் பற்றிக் கேட்பது கேவலம் என்று இருவரும் வாய்மூடியிருப்பார்கள். ஒரு வீட்டில் அண்ணன் தம்பி மனைவிமார் இரண்டு பெருநாள்களாகப் பேசாமல் இருந்தார்கள். காரணம் என்னவென்று அவர்களின் புருஷன்மாருக்கே தெரியாது. எங்களுடைய அவசரத்தையும் எங்களுடைய மரியாதையையும் அவன் நன்றாகப் படித்து வைத்திருந்தான்.

அவனை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை மன்னாரை விட்டுப் போகச் சொன்னபோது ஒரே வள்ளத்தில் வந்தோம். நான் வேலை தேடும் வயதில் இருந்தேன். அவனுக்குப் பத்து வயதிருக்கும். தகப்பன் இல்லை. தாயின் மடியில் ஒரு கோழியைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். கற்பிட்டிக் கரையில் இறங்கும்போது அந்தக் கோழி தண்ணீரில் விழுந்து, ஆட்கள் சிரித்தார்கள். அவ்வளவு பெரிய துக்கத்திலும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். முகாமில் கிடுகுக் கொட்டில்கள் அடுத்தடுத்து இருந்தன. தாய் வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போய் அவனை வளர்த்தாள். அவன் சிலாபத்து மீன் சந்தையில் சில காலம் கூடை தூக்கினான். சிங்களம் எங்கள் எல்லோரையும்விட நன்றாகப் பேசினான். யுத்தம் முடிகிற காலத்தில் ஓட்டோ எடுத்தான். எங்கள் ஒழுங்கையிலேயே கல்யாணம் முடித்தான்.

வயது போனவர்களுக்கு அவனைப் பிடிக்கும். அவன் ஒருவனுக்குத்தான் அவர்களோடு கதைக்க நேரம் இருந்தது. விடியுமுன் கிளினிக்கில் போய் நம்பர் எடுத்து வைப்பான். எந்தக் குளிசை காலைக்கு, எது இரவுக்கு என்று அவனுக்குப் பாடம். மாமியைப் பார்த்து, “மாமி, உங்களுக்கு டொக்டர் உப்பக் குறைக்கச் சொன்னாரு. உப்பு விளையிற புத்தளத்தில இருந்துகிட்டு உப்பக் குறைக்கிறதெண்டா ஊர விட்டுத்தான் போகணும்” என்பான். மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். அவருடைய வீட்டுக் கதவின் திறப்பு ஒன்றை நானே அவன் கையில் கொடுத்திருந்தேன். ஊரில் வேறு பலரும் கொடுத்திருந்தார்கள்.

பிடிபட்ட பிறகு பத்திரிகைக்காரர்கள் வந்து முகாமைப் பற்றியும் தகப்பனில்லாத பிள்ளைப் பருவத்தைப் பற்றியும் எழுதினார்கள். அந்த வள்ளத்தில் வந்த எல்லோரும் அதே முகாமில்தான் இருந்தோம், அதே பங்கீட்டு அரிசியைத்தான் தின்றோம். பலருக்குத் தகப்பன் இல்லை. ஒருவரும் தலையணையைத் தூக்கவில்லை. அவனுடைய வாழ்க்கையில் அவன் செய்ததற்கான காரணத்தைத் தேடி நான் நிறைய யோசித்திருக்கிறேன். கிடைத்தது அவனுடைய சொந்த வாக்கியங்கள் சில மட்டும். தீர்ப்புக்குப் பிறகு சிறையில் பார்க்கப்போன எங்கள் மௌலவியிடம் நாலு பேரையும் கொன்றதை ஒத்துக்கொண்டு இப்படிச் சொன்னானாம்: “முதல் தரம் சங்கிலிய மட்டுந்தான் எடுக்கப் போனன் ஹஸரத். அவ முழிச்சிட்டா. மத்தவங்க முழிக்கிறதுக்கு முந்தியே செஞ்சிட்டன்.” இதற்கு மேல் ஆழமாக எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தீர்ப்பன்று நானும் என் மனைவியும் நீதிமன்றத்தில் இருந்தோம். தூக்குத் தீர்ப்பு வாசிக்குமுன் வழக்கப்படி விளக்குகளையும் விசிறிகளையும் நிறுத்தினார்கள். எல்லோரும் எழுந்து நின்றோம். விசிறி நின்றதும் வெளியே கச்சான் கடலை விற்கிறவன் கூவியது உள்ளே கேட்டது. சாகும்வரை தூக்கிலிடும்படி நீதிபதி வாசித்தார், தமிழில் சொன்னார்கள். மாமியின் கொலைக்கு மட்டும்தான் அந்தத் தீர்ப்பு. மற்ற மூன்று சங்கிலிகளும் களவுப் பொருளாகவே நின்றுவிட்டன. மண்ணுக்குப் போன உடம்பில் தலையணைக்கு அடையாளம் இருக்காது. ஆகவே, ஊருக்கு நாலு கொலை, சட்டத்துக்கு ஒரு கொலை. சட்டத்தின் கண்ணில் அந்த ஒரு கொலைக்கு ஒரேயொரு வாரிசு. மாமிக்கு வேறு பிள்ளைகள் இல்லை.

இந்த நாட்டில் தூக்குத் தண்டனை வாசிக்கப்படும், நிறைவேற்றப்படுவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பல பத்தாண்டுகளாகத் தூக்குமேடையில் யாரும் ஏறவில்லை. அவன் சிறையில் இருப்பான், அவ்வளவுதான் என்று நாங்கள் வாழ்க்கையைப் பார்க்கத் தொடங்கினோம்.

சில ஆண்டுகள் போயின. போதைப்பொருள் வியாபாரிகளைத் தூக்கிலிடப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. அதே கிழமை என் மனைவிக்கும் எனக்கும் ஹஜ்ஜுக்குப் போக இடம் கிடைத்த செய்தி வந்தது. இரண்டையும் அன்றைய நாட்குறிப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். ஒன்றோடொன்று முட்டும் என்று அப்போது தெரியாது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு தலைவரும் மௌலவியும் மீன் லொறி வைத்திருக்கும் முதலாளி ஒருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். முன் விறாந்தையில் கதிரைகள் போட்டேன். என் மனைவி உள்ளே கதவுத் திரைக்குப் பின்னால் நின்றாள். தேநீர் கொடுத்ததும் அங்கிருந்தே கதை கேட்பது அவள் வழக்கம்.

தலைவர் சொன்னார்: “கிளாக்கர், போதை வித்தவனுக்குக் கயிறெண்டா, நாலு கிழவிமாரக் கொலை செஞ்சவனுக்கு என்ன? ஜனாதிபதிக்கு ஒரு மனு எழுதுங்க. ஊரே ஒப்பம் வெப்போம். முதல் ஒப்பம் டீச்சரோட. தீர்ப்பில இருக்கிறது அவவுட உம்மாட பேர்தானே. அவ வெக்காம நாங்க ஆயிரம் பேர் வெச்சும் ஒண்டுமில்ல.”

“கயிறு வந்தாலும் அதப் போட அலுகோசு வேணுமே ஹாஜியார்” என்றார் மீன் முதலாளி. “பேப்பர்ல வேலைக்கு ஆள் கேக்கிறாங்களாம். நம்ம கிளாக்கரப் போடுவம். எல்லாத்தையும் அளந்து, கோடு கீறித்தான் செய்வாரு.”

“எனக்குப் பென்சன் கிட்டமுட்ட வந்துட்டு. நீங்க போங்க, பெரிய பெரிய தலையெல்லாம் தூக்கிப் பழக்கம்” என்றேன்.

“அது சூரத்தலை மச்சான். சூர மீன் சத்தம் போடாது.”

மௌலவி மட்டும் சிரிக்கவில்லை.

நான் மனு எழுத ஒத்துக்கொண்டேன். மனசோடுதான் ஒத்துக்கொண்டேன். கொன்றவன் சாப்பிட்டுத் தூங்கி எழும்பும் ஒவ்வொரு நாளும் மாமிக்குச் செய்யும் அநியாயம் என்று அன்று நினைத்தேன். உயிரை எடுக்க அரசாங்கத்துக்கு உரிமை இல்லை என்பாரின் வாதங்களையும் பத்திரிகைகளில் தேடிப் படித்தேன். தவறான ஆளைத் தூக்கிலிட்டால் திருத்த முடியாது என்பது அவற்றில் பலமானது. ஆனால் இவன் தவறான ஆள் இல்லை. தூக்கு இருப்பதால் கொலை குறையாது என்பது இன்னொன்று. குறைகிறதோ இல்லையோ, செய்ததற்கு விலை உண்டல்லவா என்பது என் பதிலாக இருந்தது. நாலு தரம் எழுதித் திருத்தி, மனுவை ஒரு பக்கத்துக்குள் அடக்கினேன். அது நன்றாக வந்திருந்தது.

என் மனைவி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “வந்த பொறவு பார்ப்பம்” என்றும் சொல்லவில்லை. பயணம் சொல்லத் தொடங்கினாள்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர் போகுமுன் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்ல வேண்டும். ‘ஏதாவது குற்றங்குறை செய்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்பார். வீட்டார் ‘மன்னிச்சிட்டம், எங்களுக்கும் துஆக் கேளுங்க’ என்று தங்களுக்காகவும் இறைஞ்சச் சொல்வார்கள். சோடாவோ தேநீரோ வரும். மனிதருக்குச் செய்த பிழையை அந்த மனிதரே மன்னிக்க வேண்டும். கஃபாவைப் போய்ப் பிடித்தாலும் அது தானாகக் கழியாது என்பது எங்கள் நம்பிக்கை. பள்ளிக்கூடத்தில் இஸ்லாம் பாடம் படிப்பிக்கிற என் மனைவிக்கு இது சடங்கு இல்லை. மையத்தை வெட்டக் கொடுத்தவள் என்று அவளை ஏசிய கிழவியின் வீட்டுக்கும் போனாள். கிழவி, “நான்தான் புள்ள உன்னட்ட மாப்புக் கேக்கணும்” என்று அழுதாள். புத்தளம் டவுனில் இருக்கும் பழைய அதிபரிடம் பஸ்ஸில் போய் வந்தோம். கண்டக்குழியில் அவளிடம் படித்து இப்போது வள்ளம் வைத்திருக்கிறவனையும் தேடிப் போனோம். அவனைப் பிரம்பால் அடித்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது, அவனுக்கு இல்லை.

கடைசியாக ஒரு வீடு மிஞ்சியது. எங்கள் வீட்டிலிருந்து இரண்டாவது படலை. அவனுடைய மனைவி இருக்கும் வீடு.

முன்பு எங்கள் கிணற்று மோட்டரிலிருந்து ஒரு குழாய் அந்த வீட்டுக்குப் போனது. அவள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உவர். அவன் பிடிபட்ட மறுநாள் என் மனைவி கத்தியை எடுத்துக்கொண்டு போய்க் குழாயை வேலியடியில் வெட்டினாள். அதன் பிறகு அந்தப் பெண் பள்ளிவாசல் தண்ணீர்த் தாங்கியிலிருந்து பிளாஸ்டிக் கேன்களில் தண்ணீர் சுமந்தாள். பிள்ளையை மன்னாரில் தன் உடன்பிறந்த ராத்தாவிடம் விட்டுவிட்டு, தோட்டக் கூலிக்குப் போய் வந்தாள். ஊர் அவளோடு பேசாது. வெட்டுப்பட்ட குழாய் வேலியில் வெயிலில் காய்ந்து கிடந்தது. யாரும் அதை அகற்றவும் இல்லை.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு போனோம். நான் படலையில் நின்றேன். அவள் முற்றத்தில் காய்ந்த வெங்காயத்தின் தாளை அரிந்துகொண்டிருந்தாள். எழுந்து நின்றாள். முன்பெல்லாம் என் மனைவியை ராத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

“வாங்க டீச்சர்.”

“நான் ஹஜ்ஜுக்குப் போறன். பயணம் சொல்ல வந்தன்.”

“ஊர் முழுக்கச் சொல்லியாச்சா?”

“ஓம். இது கடைசி ஊடு.”

“கிட்ட இருக்கிற ஊடு கடைசியாப் போயிட்டு.”

என் மனைவி, “உங்கட தண்ணிக் குழாய வெட்டினது நான்தான். நீங்க எனக்கு ஒண்டும் செய்யல்ல. அது என்ட பிழை. மன்னிச்சிக்கங்க” என்றாள்.

அவள் கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். “எல்லாரும் கேக்கிறாங்க, உனக்குத் தெரியாமலா இருந்திச்சு எண்டு. வேலைக்குப் போய் வந்தா மனுஷன் கையக் கழுவுவாரு. எந்த ஓட்டோக்காரன் கழுவல்ல? அதில நான் என்னத்தக் கண்டன் டீச்சர்?”

“நான் அதக் கேக்க வரல்ல.”

“மனு போகுதாமே. முதல் ஒப்பம் நீங்களாமே.”

“இன்னும் வெக்கல்ல.”

“வெக்க மாட்டனெண்டு சொல்லுங்க. இப்பவே மன்னிச்சன் எண்டு சொல்றன். அவர வெளிய விடச் சொல்லல்ல. அங்கயே கிடக்கட்டும். என்ட புள்ள பெரிசாகிறப்ப, உங்க வாப்பாவத் தூக்கில போட்டாங்க எண்டு ஒருத்தன் சொல்லக் கூடா. அது மட்டுந்தான்.”

மன்னிச்சன் என்பது ஊரில் எல்லோரும் ஒரு விலையும் கேட்காமல், தேநீர் ஆறுமுன் சொல்லிவிட்ட சொல். பயணம் சொன்ன வீடுகளில் அந்தச் சொல்லைக் கனமாக எடுத்த ஒரே வீடு இது. நான் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மனைவி ஒப்புக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன். மன்னிப்பில்லாமல் புறப்பட அவளால் முடியாது என்று எனக்குத் தெரியும்.

“ஏலாது” என்றாள் என் மனைவி. “இது குடுத்து வாங்கிற சாமானில்ல தங்கச்சி. ஒப்பம் வெக்கிறதும் வெக்காததும் நான் தனிய யோசிக்க வேண்டியது. உங்கட புருஷன நான் மன்னிக்கல்ல. உங்களுக்கு முன்னால சொல்லிட்டே போறன், பொறவு ஒளிச்சனெண்டு நினைக்கக் கூடா. மறுமையிலயும் கேப்பன்.”

“அப்ப என்னத்துக்கு வந்தீங்க?”

“தண்ணிக்கு.”

அவள் கீழே வைத்த வெங்காயத்தை எடுத்தாள். பிறகு, “யோசிச்சிட்டுச் சொல்றன்” என்று மீண்டும் உட்கார்ந்து வெங்காயத் தாளை அரியத் தொடங்கினாள். தேநீர் வரவில்லை.

 வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பழைய பொருட்களுக்குள்ளிருந்து ஒரு குழாய்த் துண்டையும் இரண்டு கிளிப்பையும் எடுத்து என் கையில் தந்தாள். நான் வேலியடியில் குந்தியிருந்து அதை இணைத்தேன். மோட்டரைப் போட்டதும் அந்தப் பக்கம் தகர வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் நின்றது. அவள் அதைப் பூட்டிவிட்டாள்.

தலைவர், மௌலவி, மீன் முதலாளி மூன்று பேரும் மறுபடி வந்தார்கள். மனுவை வாசிக்கச் சொன்னார்கள். நான் வாசித்தேன். ‘கொலைக்குப் பழிவாங்கும் உரிமையை எங்கள் மார்க்கமும் அனுமதிக்கிறபடியால், மேற்படி கைதிக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையைத் தாமதமின்றி நிறைவேற்றுமாறு’ என்ற இடத்தில் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“அதுக்கு அடுத்த வரிய வாசிங்க.”

“அடுத்து ஒப்பந்தான்.”

“அதத்தான் சொல்றன். அடுத்த வரி விட்டுப் போயிட்டு. பழிவாங்கிற உரிமை யாருக்கு? வாரிசுக்கு. வாரிசு மன்னிச்சா நிப்பாட்டணும். கழுத்துக்கிட்ட வந்த பொறவும் நிப்பாட்டலாம். மார்க்கத்த எழுதினா முழுசா எழுதணும். நான் புள்ளைகளுக்கு அப்படித்தான் படிப்பிக்கிறன்.”

தலைவர் மௌலவியைப் பார்த்தார். மௌலவி, “டீச்சர் சொல்றது சரி. நான் அண்டைக்கே சொல்லியிருக்கணும்” என்றார்.

“ஹஸரத், நீங்களுமா? இது நாட்டுச் சட்டம். நாட்டுச் சட்டத்தில வாரிசுக்கிட்டக் கேக்கிறதில்லையே.”

“கேக்கிறதில்லைத்தான். அப்ப மார்க்கத்த இதுக்குள்ள கொண்டு வராதீங்க ஹாஜியார்” என்றாள் என் மனைவி. “இல்லாட்டி, கடைசி நிமிஷம் வரைக்கும் நிப்பாட்டுற உரிமைய வாரிசுக்குக் குடுங்க எண்டு அதிலயே எழுதுங்க. அந்த உரிமையத் தந்தா நான் முதல் ஆளா ஒப்பம் வெக்கிறன்.”

மீன் முதலாளி மெதுவாகக் கேட்டார்: “கோவிக்க வேணாம் டீச்சர். அந்த உரிமையத் தந்தா, நீங்க மன்னிப்பீங்களா?”

“இல்ல.”

“மன்னிக்காதவங்களுக்கு என்னத்துக்கு அந்த உரிமை?”

“மன்னிக்காம இருக்கிறதும் என்ட வேலதானே. அவன் உசுரோட இருக்கிறவரைக்கும், நான் மன்னிக்கல்ல எண்டு ஒவ்வொரு நாளும் நானே சொல்லலாம். ஒரு நாள் வேற மாதிரிச் சொல்லவும் ஏலும். சொல்ல மாட்டன், ஆனா ஏலும். கயிறப் போட்டு முடிச்சா அந்தக் கதை என்ட வாயில இருந்து போயிடும். கொழும்பில ஒரு ஆள் ஒப்பம் வெச்சுப் பேசி முடிச்சிடுவாரு. என்ட உம்மா மௌத்தான அண்டைக்கு என்ட பேச்சக் கேக்காம எல்லாரும் சேர்ந்து முடிக்கப் பார்த்தீங்க. இதையும் அப்படி முடிக்க விட மாட்டன்.”

தலைவர் எழுந்தார். அவருக்குக் கோபம் வந்ததா வெட்கம் வந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, முகம் சிவந்திருந்தது. “வரியச் சேர்த்து எழுதுங்க கிளாக்கர். பார்ப்பம்” என்றார்.

நான் சேர்த்து எழுதினேன். வாசித்துப் பார்த்தபோது முன்பு எழுதியதைவிட அதுதான் சரியான மனு என்று எனக்கே தெரிந்தது. முன்பு எழுதியதில் ஒரு கால் குறைவு. ஆனால் அந்த வரியோடு மனுவை அனுப்ப ஊருக்கு மனமில்லை. அந்த வரி இல்லாமல் அனுப்ப ஒப்பம் இல்லை. மற்ற மூன்று குடும்பங்களும் டீச்சர் வைத்தால் நாங்களும் வைக்கிறோம் என்று நின்றுவிட்டன. மனு பள்ளி அலுமாரிக்குள் போனது. அரசாங்கத்தின் அறிவிப்பும் வழக்குகளில் சிக்கித் தேங்கியது. யாரையும் தூக்கிலிடவில்லை.

நான் இப்போது எந்தப் பக்கம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது. அவனுக்குத் தூக்குத் தகும். அதைப் போடும் உரிமையை, எங்களைக் கேட்காத ஒரு மேசைக்குக் கொடுக்க நான் தயாரில்லை. இரண்டையும் ஒரே ஆள் நினைக்கலாம். நினைத்து நிம்மதியாகத் தூங்கவும் செய்கிறேன்.

புறப்படும் நாள் காலை வாசலில் வான் வந்து நின்றது. ஊரே ஒழுங்கையில் நின்றது. தலைவர் என் கையைப் பிடித்து, “எனக்கும் கேளுங்க” என்றார். என் மனைவி வானில் ஏறப் போன நேரம் ஆட்கள் விலகினார்கள். அவனுடைய மனைவி வந்துகொண்டிருந்தாள். அவளோடு பேசாத ஊர் அவளுக்கு வழிவிட்டது.

அவள் என் மனைவிக்கு முன்னால் வந்து நின்றாள். ஸலாம் சொன்னாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“தண்ணிக்கு மன்னிச்சிட்டன் டீச்சர். தண்ணிக்கு மட்டுந்தான்.”

“அது போதும்” என்றாள் என் மனைவி.

“எனக்குத் துஆக் கேப்பீங்களா?”

“உங்களுக்கும் கேக்கிறன். புள்ளைக்கும் கேக்கிறன்.”

அடுத்த பெயரை அவள் கேட்கவில்லை. என் மனைவியும் சொல்லவில்லை. வான் ஒழுங்கை திரும்பும்போது நான் பின்னால் பார்த்தேன். அவள் வேலியடியில் குனிந்து, நான் இணைத்த இடத்தில் தண்ணீர் கசிகிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.